பந்தி விசாரிக்கப் பழகுவது எப்படி

நம்ம சபைகளில் 'ஊழியம்' என்ற வார்த்தை எப்படியோ மேடை ஏறிவிட்டது. ஒருவர் ஊழியத்தில் இருக்கிறார் என்றால் பிரசங்கம் பண்ணுகிறார், இல்லையென்றால் பாட்டு நடத்துகிறார் என்றுதான் புரிந்துகொள்கிறோம். ஆனால் மாற்கு 10:45-ல், ஊழியம் கொள்ள அல்ல, ஊழியம் செய்யவே வந்தேன் என்று இயேசு சொல்கிற இடத்தில் இருக்கும் கிரேக்கச் சொல், பந்தியில் சாப்பாடு பரிமாறுவதற்கும் புழங்கிய சொல். அப்போஸ்தலர் 6-ல் அதையே நம் பழைய மொழிபெயர்ப்பு 'பந்திவிசாரணை' என்று போட்டிருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை அது. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவரைப் பாருங்கள், யார் இலையில் சாம்பார் தீர்ந்தது, எந்தத் தாத்தாவுக்குத் தண்ணீர் வைக்கவில்லை என்று இலை இலையாகப் பார்த்துக்கொண்டே நடப்பார், அவர் சாப்பிட உட்காருவது கடைசிப் பந்தியில்.

ஆவிக்குரிய வாழ்க்கையில் வளரணும், என்ன செய்யலாம் என்று இளைஞர்கள் கேட்கும்போது ஜெபம், வேதவாசிப்பு, உபவாசம் எல்லாம் சொல்கிறோம். சேவையை மட்டும் வளர்ந்த பிறகு வருகிற கனி என்று தள்ளி வைத்துவிடுகிறோம். நான் பார்த்த வரைக்கும் வளருகிற நிலமே அதுதான். எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கேளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் ஜாபர்கான்பேட்டைப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தபோது நாங்கள் நாலு பேர் சாப்பாட்டுப் பொட்டலங்களோடு தெருத்தெருவாகப் போனோம். ஒரு பாட்டி பொட்டலத்தை வாங்காமல், "சாப்பாடு வந்துடுச்சுப்பா, ரேஷன் கார்டு தண்ணியில போயிடுச்சு, அதுக்கு யார்கிட்ட போகணும்னு சொல்லு" என்றார். எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லாமல் அடுத்த தெருவுக்குப் போய்விட்டேன். அந்த முகம் இன்னும் மனசில் நிற்கிறது. மாற்கு 10-ல் அந்த 45-ஆம் வசனத்துக்குக் கொஞ்சம் கீழேயே பர்திமேயு வருகிறான். அவனுக்குக் கண் தெரியாது, என்ன தேவை என்று யாருக்கும் புரியும். ஆனாலும் இயேசு, உனக்கு நான் என்ன செய்யணும் என்று அவனிடமே கேட்கிறார்.

அடுத்தது, ஒரே ஒரு ஆளையும் ஒரே ஒரு வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள், நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் இதற்கு எங்கேயும் தேடிப் போக வேண்டாம். உங்கள் தெருவிலேயே மாதாமாதம் சுகர் மாத்திரைக்கு ஸ்டான்லிக்கோ ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கோ தனியாகப் போய்வருகிற ஒரு அம்மா இருப்பார். முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட வேண்டும், ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி என்று இ-சேவை மையத்துக்கும் வீட்டுக்கும் அலைகிற ஒரு தாத்தா இருப்பார். அதுவும் முடியாதென்றால் ரத்தம் கொடுங்கள், உடம்பு நன்றாக இருந்தால் ஆண்கள் 3 மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் 4 மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். யாருக்குப் போகிறது என்று உங்களுக்கும் தெரியாது, யார் கொடுத்தது என்று அவருக்கும் தெரியாது. அந்த மாதிரிச் சேவை மனசுக்கு நல்லது.

ஆஸ்பத்திரி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம் அது. ஓபி சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டருக்கு ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. அந்த அம்மாவோடு கூடப் போனால், அவரை உட்கார வைத்துவிட்டு நீங்கள் நில்லுங்கள். சுகர் டெஸ்ட் என்றால் வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம் எடுத்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுப்பார்கள். அந்த இரண்டு மணி நேரம் இருக்கிறதே, அதில்தான் எல்லாமே இருக்கிறது. போனை எடுக்காதீர்கள். அவர் போன மாதம் சொன்ன கதையையே திரும்பச் சொல்வார். மருமகளைப் பற்றிச் சொல்வார், செத்துப்போன மகனைப் பற்றிச் சொல்வார். உங்களுக்கு உள்ளுக்குள் எரிச்சல் வரும், ஆபீசுக்கு நேரமாகிறது என்று கண் வாட்சைப் பார்க்கும், இவ்வளவு செய்கிறேன் ஒரு நன்றி சொன்னாரா என்றுகூடத் தோன்றும். வரட்டும். ஆலயத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும்போது வெளியே வராத உங்கள் மனசு இந்த பெஞ்சில்தான் வெளியே வரும்.

அன்றைக்கு ராத்திரி படுக்கும் முன் ஐந்து நிமிடம் அதை அப்படியே ஜெபத்தில் சொல்லுங்கள். எங்கே எரிச்சல் வந்தது, எங்கே பாராட்டை எதிர்பார்த்தேன், யாரை மனுஷனாகப் பார்க்காமல் ஒரு வேலையாகப் பார்த்தேன். இயேசு சீஷர்களுடைய கால்களைக் கழுவுகிற யோவான் 13-ஐயும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கால் கழுவின வரிசையில் யூதாசும் இருந்தான், அவன் காட்டிக்கொடுக்கப்போவது இயேசுவுக்குத் தெரியும், தெரிந்தும் பாத்திரத்தோடு அவன் முன்னாலும் குனிந்தார். பெரிய வியாழன் அன்று வருஷா வருஷம் கேட்கிறோம். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுவிட்டு வந்த ராத்திரி வாசித்துப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

போட்டோ வேண்டாம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று மத்தேயு 6-ல் இருப்பது ஒரு காரணம், அந்த அம்மாவின் கஷ்டம் உங்கள் ஸ்டேட்டஸ் இல்லை என்பது இன்னொன்று. அதேபோல உதவிக்கு விலையாக யாரையும் ஆலயத்துக்குக் கூப்பிடாதீர்கள். அவரே ஜெபம் பண்ணச் சொன்னால் சந்தோஷமாகப் பண்ணுங்கள்.

வீட்டை விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். சனிக்கிழமை நீங்கள் சேவைக்குக் கிளம்பும்போது மனைவியோ அம்மாவோ தனியாகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தால், முதல் பந்தி அங்கே இருக்கிறது.

எல்லை வையுங்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த நல்ல சமாரியன்கூட இரண்டு பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, பார்த்துக்கொள், திரும்பி வரும்போது மீதியைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். எல்லா வேலையையும் தலையில் போட்டுக்கொண்ட மோசேயிடம் அவர் மாமனார் எத்திரோ, இப்படியே போனால் நீயும் தொய்ந்துபோவாய், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்று யாத்திராகமம் 18-ல் எச்சரிக்கிறார். கடன் வாங்கி உதவி செய்யாதீர்கள். பிள்ளைகளோடு வேலை செய்வதாக இருந்தால் பெற்றோரின் அனுமதி வேண்டும், எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேராவது கூட இருக்க வேண்டும், இதில் சமரசமே கிடையாது.

அப்புறம், வாங்கவும் பழகுங்கள். அதே யோவான் 13-ல் பேதுரு சம்மதிக்காதது அடுத்தவர் காலைக் கழுவ அல்ல, தன் கால் கழுவப்பட. அந்த அம்மா முந்தானை முடிச்சிலிருந்து இருபது ரூபாய் எடுத்து உங்களுக்கு டீ வாங்கித் தந்தால், வேண்டாம்மா என்று சொல்லாமல் வாங்கிக் குடியுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போகும்போது அவருடைய பழைய ஓபி சீட்டு, போன டெஸ்ட் ரிசல்ட், ஒரு தண்ணீர் பாட்டில் மறக்க வேண்டாம். டிபன் பாக்ஸில் இட்லி இரண்டு பேருக்கு வையுங்கள், முதல் ரத்தம் எடுத்ததும் பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். அவர் சுகர்காரர், சட்னிதான் சரி, சர்க்கரை தொட்டுக்கொள்ளக் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.