பெர்லினிலிருந்து பிராக்குக்கு பஸ்: நெல்லையிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

ஜெர்மனியில் படிக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகிறவர்களுக்கு, வந்ததுதான் வந்தோம், பக்கத்து நாட்டையும் ஒரு எட்டு பார்த்துவிடுவோம் என்று தோன்றும். பெர்லினிலிருந்து செக் நாட்டின் தலைநகரான பிராக் அதற்குத் தோதான ஊர். சுமார் 350 கிலோமீட்டர்; திருநெல்வேலியிலிருந்து திருச்சிக்குப் போகும் தூரத்தைவிடச் சற்று அதிகம். பஸ்ஸில் நாலரை மணியிலிருந்து ஐந்து மணி நேரம். ரயிலும் உண்டு. எல்பே ஆற்றை ஒட்டிப் போகும் அந்தப் பாதை உண்மையிலேயே அழகு. கட்டணம் கட்டுபடியானால் ரயிலையே சொல்வோம். நாலு பேராகப் போகும்போது, அதுவும் கடைசி நேரத்தில் பதிவு செய்யும்போது, பெரும்பாலும் பஸ்தான் மலிவு. பயணத்தில் தவறுவதெல்லாம் வண்டி ஏறுவதற்கு முன்பே தவறிவிடுகிறது. ஆகவே இங்கே அதைப் பற்றித்தான் அதிகம்.

பாஸ்போர்ட்டும் விசாவும்

ஜெர்மனிக்காக வாங்கிய ஷெங்கன் விசா (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகும் ஏற்பாடு) செக் நாட்டுக்கும் செல்லும். ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கில் பிராக்கில் கழிக்கும் நாட்களும் சேரும். ஜெர்மன் குடியிருப்பு அட்டை வைத்திருக்கும் பிள்ளை, அட்டையோடு பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனையே கிடையாது என்று நம்பி பாஸ்போர்ட்டை அறையில் பூட்டிவிட்டு வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனையைக் கொண்டுவந்தது. போலீஸ் பஸ்ஸுக்குள் ஏறிக் கேட்டால், போனில் இருக்கும் படத்தைக் காட்டித் தப்ப முடியாது.

விசாவில் ஒரே நுழைவு (சிங்கிள் என்ட்ரி) என்று இருந்தால் பாதையையும் பாருங்கள். பிராக்குக்குக் கவலை இல்லை. ஆனால் இதே துணிச்சலில் வியன்னாவிலிருந்து பல்கேரியத் தலைநகர் சோபியாவுக்கு பஸ் ஏறினால், வண்டி வழக்கமாகச் செர்பியா வழியாகப் போகும். செர்பியா ஷெங்கனில் இல்லை. அங்கே நுழைந்த நொடியில் உங்கள் ஒற்றை நுழைவு முடிந்துபோகும்; பல்கேரியா ஷெங்கனில் இருந்தும் உள்ளே போக முடியாது. லண்டனுக்கோ தனி விசாவே வேண்டும்.

டிக்கெட்

பிளிக்ஸ்பஸ், ரெஜியோஜெட் என்ற இரண்டு பஸ் கம்பெனிகளின் ஆப்பிலும் பாருங்கள். ஊரிலிருந்தே பதிவு செய்வதானால், உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கியில் சொல்லித் திறந்து வையுங்கள். ஜெர்மனி போனபின் பதிவு செய்தால் ஓடிபி நம் ஊர் சிம்முக்குத்தான் வரும். அந்த சிம் உயிரோடு இருக்க வேண்டும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் படிவமோ அதை நிரப்பாமல் விடாது. இன்ஷியலைப் போட்டு ஒப்பேற்றாதீர்கள். பாஸ்போர்ட்டில் பெயர் இரண்டு சொல்லாக இருந்தால் இரண்டு கட்டத்துக்கும் பிரித்துப் போடலாம். ஒரே சொல் என்றால் அதையே இரண்டிலும் எழுதலாம்.

நம் ஆம்னி பஸ்போலப் படுக்கை இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சாய்வு இருக்கைதான், பெல்ட்டும் கட்டாயம். மாடி பஸ் என்றால் பெரும்பாலான இருக்கைகள் மேலேதான். முட்டுவலிக்காரர்கள் கீழ்த்தட்டில் இடம் தேர்ந்தெடுங்கள், அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். ஒற்றைத் தட்டு பஸ்ஸில் கழிப்பறை பெரும்பாலும் நடுவாசல் படியை ஒட்டிக் கீழே இருக்கும். அதற்கு அருகில் நடைபாதை ஓரத்து இருக்கை வசதி. உள்ளே துடைக்கக் காகிதம்தான், எனவே ஒரு தண்ணீர் பாட்டில் பையில் இருக்கட்டும்.

இரவு பஸ் வேண்டாம். விடியுமுன் கொண்டுபோய் இறக்கிவிடும். ஓட்டல் அறை பிற்பகலில்தான் கிடைக்கும். டிசம்பர், ஜனவரிக் குளிரில் இடைப்பட்ட நேரத்தைக் கழிக்க இடம் தேடி அலைய வேண்டியிருக்கும். காலை எட்டு, ஒன்பது மணி வண்டியே சரி.

பெட்டி

பிளிக்ஸ்பஸ்ஸில் ஆளுக்கு ஒரு பெரிய பெட்டி: 20 கிலோ, 80 x 50 x 30 சென்டிமீட்டர். கைப்பை 7 கிலோ, 42 x 30 x 18. விமானத்துக்கென்று 23 கிலோ கட்டிக்கொண்டு வந்த பெட்டி இங்கே மூன்று கிலோ அதிகம். பொடியும் ஊறுகாயும் பிள்ளையின் அறையிலேயே இறங்கட்டும். பிராக்குக்குச் சின்னப் பெட்டி போதும். கிளீனர் கிடையாது. பெட்டியை அடியில் வைப்பதும் எடுப்பதும் உங்கள் வேலை. வழியில் டிரெஸ்டன் நகரில் நிற்கும்போது மற்றவர்கள் தங்கள் பெட்டியை எடுப்பார்கள். ஒரே நிறக் கறுப்புப் பெட்டிகள் அங்கேதான் கைமாறிப் போகின்றன. பளிச்சென்று ஒரு துணியைக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். மாத்திரை, பாஸ்போர்ட், பணம் மடியை விட்டு அகலக் கூடாது.

நிறுத்தம்

பெர்லினின் பெரிய பஸ் நிலையம் ரயில் நிலையத்தை ஒட்டி இல்லை. நகரின் மேற்கே, ரேடியோ கோபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. யு2 சுரங்க ரயிலில் கைசர்டாம் நிறுத்தத்தில் இறங்கி நடக்கலாம். பெர்லினுக்குள்ளேயே வேறு நிறுத்தங்களும் உண்டு என்பதால், டிக்கெட்டில் இருக்கும் முகவரியை வரைபடத்தில் குத்திப் பாருங்கள். ‘பெர்லின்’ என்ற பெயரை மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள். பலகையில் பிராக்கின் பெயர் ‘பிராஹா’ (Praha) என்றும் இருக்கலாம். அதே ஊருக்கு அடுத்தடுத்து இரண்டு வண்டி நிற்கக்கூடும், எனவே தட எண்ணையும் ஒப்பிடுங்கள்.

வண்ணார்பேட்டையில் நின்றுகொண்டு, ‘அண்ணாச்சி, அஞ்சு நிமிசம், பாலத்துல வந்துட்டோம்’ என்று டிரைவருக்குப் போன் போடும் வழி அங்கே இல்லை. நேரம் ஆனால் கதவு மூடும், டிக்கெட் பணமும் போகும். அரை மணி முன்னதாக நடைமேடையில் இருங்கள். பஸ் கதவு வலப்பக்கம். சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள். நம் கண் பழக்கத்தில் வலப்பக்கமே போகும்.

தாமதமானால்

நாலரை மணி நேரம் ஓட்டினால் டிரைவர் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். வண்டி நடுவழியில் நின்றால் பதற வேண்டாம், ஆனால் எவ்வளவு நேரம் என்று டிரைவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். 250 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், வண்டி ரத்தானாலோ புறப்பாடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, மாற்று வண்டி அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கம்பெனி அந்த வாய்ப்பையே தராவிட்டால் டிக்கெட் விலையில் பாதியை இழப்பீடாகவும் கேட்கலாம். நிலையத்தின் அறிவிப்புப் பலகையை நேரம் தெரியும்படி படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிராக்கில்

பெரும்பாலான வண்டிகள் புளோரென்ஸ் நிலையத்தில் நிற்கும். மெட்ரோ பி, சி தடங்கள் அங்கேயே இருக்கின்றன. காகித மெட்ரோ டிக்கெட் வாங்கினால், படியிறங்கும் முன் மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. பரிசோதகர் அபராதம் போட்டுவிடுவார். பணம் யூரோ அல்ல, கொருனா. ஏடிஎம் ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் நஷ்டம். தெருவில் நோட்டு மாற்றித் தருகிறேன் என்று வருபவரிடம் நிற்கவே வேண்டாம்.

திரும்பும்போது எல்லையில் ஜெர்மன் போலீஸ் பஸ்ஸை ஓரங்கட்டிச் சோதிக்கும் வாய்ப்பு அதிகம். அன்றைக்கே விமானம் பிடிப்பதாக இருந்தால் மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டு வண்டியைத் தேர்ந்தெடுங்கள். விமானம் வெள்ளிக்கிழமை மாலை என்றால் முந்தின நாளே பெர்லின் வந்துவிடுங்கள்.