கடற்கரையிலிருந்து இமயமலைத் தேசியப் பூங்காவுக்கு

இராமநாதபுரம் கரையில் வளர்ந்தவர்கள் கூடாரமடித்துத் தங்கி மலையேற, இமாச்சலத்தின் குல்லு மாவட்டத்தில் உள்ள பெரிய இமயமலைத் தேசியப் பூங்கா ஏற்ற இடமாகும். 2014இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அப்பூங்காவுக்குள் நுழைய வனத்துறையின் அனுமதிச் சீட்டு தேவை. மழைக்காலத்தைத் தவிர்த்து, மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபரில் செல்லலாம்.

கடல்மட்டத்தில் வாழ்பவர்களுக்குக் குளிரைவிட உயரமே பெரிய சோதனை. 3000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமலும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஓய்வெடுத்தும் ஏற வேண்டும். தலைவலியுடன் வாந்தியோ தள்ளாட்டமோ தோன்றினால், எவ்வளவு ஆசையிருந்தாலும் உடனே இறங்கிவிட வேண்டும். நம் மாவட்டத்தில் இராமேசுவரத்தின் கந்தமாதன பர்வதமே ஒரு மணல்மேடுதான் என்பதால், முதுகுச்சுமையுடன் மாடிப்படி ஏறியும் அரியமான் கடற்கரையின் இளமணலில் நடந்தும் இரண்டு மாதங்களாவது பழகுவது நல்லது.

3000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 90 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், அரிசி எளிதில் வேகாது. அவலும் வறுத்த ரவையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே கரடிகள் உண்டு. ஆகவே கருவாட்டை, மனம் கேட்காவிட்டாலும், வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.