அடுப்பை எண்ணாமல் குடும்பத்தை எழுதாதீர்கள்

முதலாமாண்டு சமூகவியல் பிள்ளைகள் வருஷம் தவறாமல் செட்டிநாட்டுக்கு, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று கள ஆய்வுக்குக் கிளம்புகிறார்கள். வருஷம் தவறாமல் அதே பிழைகளோடு திரும்புகிறார்கள். பெயரைத் தப்பாக எழுதுவது, ஆண்டை மாற்றிப் போடுவதெல்லாம் அரை மதிப்பெண் சமாச்சாரம், விட்டுவிடலாம். கருத்தையே தப்பாகப் பிடிப்பதுதான் இங்கே பேச்சு.

வீடு வேறு, இல்லம் வேறு

முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு), இரண்டாங்கட்டு என்று அடுத்த தெருவரை நீளும் வீட்டைப் பார்த்ததும் ‘கூட்டுக்குடும்பம்’ என்று குறித்துக்கொள்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் தீராத பிழை இது.

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வழக்கப்படி கல்யாணமான மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பார்கள்’. கூரை ஒன்றுதான், அடுப்பும் செலவும் தனி. அந்தத் தம்பதி ஒரு ‘புள்ளி’. கோயில் வரியே புள்ளிக் கணக்கில்தான். நம் சென்சஸும் பொதுவான சமையலை வைத்தே இல்லத்தை எண்ணுகிறது. ஆக, ஒரு வளவில் நாலு உலை கொதித்தால் அங்கே நாலு இல்லம். அதற்காகத் தனிக்குடும்பம் என்று எழுதினாலும் தப்பு. வீடு பங்காளிகளுக்குப் பொது, முன்னோருக்குப் படைக்கும் ‘படைப்பு’ம் பொது. சமூகவியலாளர் ஐ. பி. தேசாய் குஜராத்தின் மகுவா ஊர் ஆய்வில் (1964) கூட்டுத்தன்மையைக் கூரையை வைத்து அளக்காமல் சொத்தையும் பரஸ்பரக் கடமையையும் பார்த்தது இதனால்தான்.

வீட்டுக்கு ஒரு படிவம் நிரப்பினால் ஆள் எண்ணிக்கை, வருமானம், செலவு எல்லாமே வீங்கிப்போகும். ஊர் திரும்பியபின் பிரிக்கவும் வழியில்லை. எனவே முதல் கேள்வி: “இங்கே எத்தனை அடுப்பு?” அடுத்து, எந்த அடுப்பில் யார் சாப்பிடுகிறார்கள், வீடு யார் யாருக்குப் பங்கு, படைப்புச் செலவு யார் தலையில். அடுப்புக்கு ஒரு படிவம், 7/1, 7/2 என்று வீட்டு எண்ணோடு. பூட்டிக் கிடக்கும் வீட்டை ‘ஆளில்லை’ என்று அடித்துவிடாதீர்கள். பங்குக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள், படைப்புக்கு வந்து நிற்பார்கள்.

இயந்திர ஒற்றுமை

பெயரில் இயந்திரம் இருப்பதால் ஆலை நினைப்பு வந்து, நவீன சமூகத்துக்கு ஒட்டிவிடுகிறார்கள். பிரெஞ்சு சமூகவியலாளர் துர்க்கைம் 1893இல் சொன்னது இதற்கு நேர்மாறு: ஒரே மாதிரி வாழ்வும் நம்பிக்கையும் கட்டிப்போடுவது இயந்திர ஒற்றுமை; வேலை பிரிந்து ஒருவரை ஒருவர் நம்பியிருப்பது உறுப்பு ஒற்றுமை. நகரத்தாரின் பர்மா வட்டிக்கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வேலை பிரிந்திருந்தது. அவர்களைச் சாதியும் சேர்த்துக் கட்டியிருந்தது. இரண்டையும் எழுதலாம்.

இலட்சிய வகை

சிறந்த வகை என்று அர்த்தமில்லை. ஜெர்மன் சமூகவியலாளர் வெபருக்கு அது நிஜத்தை ஒப்பிட்டுப் பார்க்க மனத்தில் கட்டிய வெறும் அளவுகோல்.

வர்க்கம்

மார்க்சிடம் சம்பளப் பட்டியலைத் தேடாதீர்கள். உற்பத்திச் சாதனம் யார் கையில், அதைப் பாருங்கள்.

சிக்கனம் என்றாலே வெபர்

வெபர் 1904–05இல் எழுதியது, யாருக்கு மீட்சி என்று கடவுள் முன்பே முடிவு செய்துவிட்டார் என்ற முன்விதிக் கொள்கையால் ‘நமக்கு மீட்சி உண்டா’ என்று தவித்த கால்வினியர்களை, அதாவது புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களில் ஒரு பிரிவினரைப் பற்றி. அவர்கள் உழைத்துச் சேர்த்தார்கள், ஆடம்பரத்தை ஒதுக்கினார்கள். வியாபாரத்தில் தர்மத்துக்கென்று ஒதுக்கும் மகமைக் கணக்கைக் காட்டி ‘இங்கும் அதே அறம்’ என்று முடிக்கிறார்கள் பிள்ளைகள், பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்தபடி.