பழைய கீபோட்டில் கேம் கொன்ட்ரோலர்: எங்கே பிழைக்கும்?

கல்முனையிலோ மட்டக்களப்பு டவுனிலோ கொம்பியூட்டர் திருத்தும் கடைக்குள் எட்டிப் பார்த்தால், எழுத்து அழிந்த கீபோட்டுகள் ஏதாவது மூலையில் கிடக்கும். அதன் உள்ளே இருக்கும் சர்க்கிட் போட்டில் நம் பொத்தான்களைப் பற்றவைத்தால் அது கேம் கொன்ட்ரோலர் ஆகிவிடும். யூஎஸ்பி பிளக் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். வட்ட பிளக் வைத்த பழைய வகை வேண்டாம். கொம்பியூட்டர் ஓடும்போது அதைக் கழற்றி மாட்டக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதுதான் பெரிய தவறு. முதலில் கீபோட்டை மாட்டி, விளையாட்டைத் திறந்து, ஒன்றாக அழுத்தப்போகும் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். மலிவுக் கீபோட்டுகள் சில கூட்டுகளை ஏற்காது. ஒவ்வொரு விசையும் உள்ளே ஓடும் மின்பாதைகளில் ஒரு கிடைக்கோட்டையும் ஒரு நெடுங்கோட்டையும் தொடவைக்கிறது, அவ்வளவுதான். ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளை அழுத்தினால், நான்காவதும் அழுத்தப்பட்டதா என்று சர்க்கிட் போட்டுக்குப் பிடிபடாது. அதனால் மூன்றாவது விசையையே கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். ஓடிக்கொண்டே பாய்ந்து சுட வேண்டிய நேரத்தில் ஆள் மரம்போல நிற்பான். கன்ட்ரோல், ஷிப்ட் விசைகள் பெரும்பாலும் இப்படி மோதுவதில்லை. ஆனால் ஷிப்டைச் சுடுவதற்கு வைத்தால், ஐந்து தரம் தட்டியதும் விண்டோஸ் 'ஸ்டிக்கி கீஸ்' பெட்டியை நீட்டும். அதை முதலே அணைத்துவிடுங்கள்.

சரி, இனித் திறக்கலாம். உள்ளே கோடு ஓடிய பிளாஸ்டிக் தாள்கள் இருக்கும். போட்டு மட்டும் போதும் என்று பலர் அவற்றை எறிந்துவிடுகிறார்கள். எந்த விசை போட்டின் எந்த இரு முனைகளைச் சேர்க்கிறது என்பதற்கு அந்தத் தாள்தான் வரைபடம். கோட்டின் வழியே மார்க்கரை ஓட்டி, முனைகளைக் கொப்பியில் குறித்த பிறகு எறியுங்கள்.

எல்லாப் பொத்தான்களையும் ஒரே கிரவுண்ட் வயரில் சேர்ப்பதும் நடக்கும். ஆர்டுயினோ எனும் புரோகிராம் செய்யக்கூடிய சின்னப் போட்டில் அது சரி. இங்கே ஒவ்வொரு பொத்தானும் தனக்குரிய இரு முனைகளுக்கே போக வேண்டும்.

முனை கறுப்பாக இருந்தால் அது கரிப்பூச்சு, ஈயம் ஒட்டாது. ஒட்டவில்லையே என்று சூட்டை அழுத்திப் பிடித்தால் பாதை பிய்ந்து வரும். பிளேடால் மெதுவாகச் சுரண்டி, செம்பு தெரிந்த பின் பற்றவையுங்கள். கல்லடிப் பக்கத்து உப்புக் காற்றில் அந்தச் செம்பு பச்சை பிடிக்கும். மேலே நெயில் பொலிஷ் ஒரு பூச்சு பூசிவிடுங்கள்.

பொத்தானுக்கு மவுஸின் கிளிக் சுவிட்ச் நல்லது. அதன் மூன்று கால்களில் எந்த இரண்டு அழுத்தும்போது மட்டும் சேர்கின்றன என்று மீட்டரில் பாருங்கள். மாறினால் விசை அழுத்தியபடியே நிற்கும்.

பொத்தானையும் போட்டையும் இணைக்கும் வயரையும் பார்த்து எடுங்கள். நெட்வொர்க் கேபிளின் ஒற்றைக் கம்பி வளைய வளைய ஒடியும். பழைய கொம்பியூட்டர் பவர் சப்ளையின் வயர் மென்மையானது. வெளியே தொங்குவதை மட்டும் வெட்டியெடுங்கள். பெட்டியைத் திறக்கவே வேண்டாம்: பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே உள்ள பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.