பத்து நொடி வீடியோ: ஒளிப்படக் கேமராவின் சிவப்புப் பொத்தானை இதுவரை தொடாதவர்களுக்கு

ஒரு தச்சரின் பட்டறையில் ஒரு நாள் முழுக்கப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இழைப்புளியிலிருந்து மரச்சீவல் சுருண்டு எழுவது, சன்னல் வெளிச்சத்தில் தூசி மிதப்பது, நரம்பு புடைத்த அவருடைய கைகள். இருநூறுக்கு மேல் எடுத்ததில் ஏழெட்டுப் படங்கள் மனத்துக்கு நிறைவாக வந்தன. ஆனால் அவர் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு விஷயம் அந்தப் படங்கள் எதிலும் இல்லை. பலகையில் கணு வரப்போவதைக் கண்ணுக்கு முன்னால் காது சொல்லிவிடுமாம். சர்ரென்று சீராக ஓடும் இழைப்புளி கணுவை நெருங்கும்போது சத்தம் கட்டையாகிறது. உடனே அவர் கை அழுத்தத்தைத் தளர்த்துகிறது.

மறுநாள் போய் அதே கேமராவில், அதே இடத்தில் நின்று, வீடியோவாகப் பத்து நொடி எடுத்தேன். சத்தம் மாறுவதும் கை தளர்வதும் அதில் இருக்கின்றன. அந்தக் கேமராவை வாங்கி அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சிவப்புப் பொத்தானை வேண்டுமென்றே அழுத்தியது அன்றைக்குத்தான்.

ஒளிப்படக் கலைஞர்கள் தங்கள் கேமராவில் உள்ள வீடியோ வசதியைப் பயன்படுத்துகிறார்களா என்று பலரிடம் கேட்டிருக்கிறேன். திருமணம், செய்தி எடுப்பவர்கள் தொழிலுக்காகப் பயன்படுத்துகிறார்கள். ஆர்வத்துக்காகப் படம் எடுப்பவர்களில் நான் பேசிய பலர் அதைத் தொட்டதே இல்லை. தொட்டவர்களும் ஒன்றிரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆடுகிறது, வெட்டி வெட்டித் தெரிகிறது" என்று விட்டுவிட்டார்கள். குறை கேமராவில் இல்லை. ஒளிப்படத்தில் பல ஆண்டுகளாகக் கைவந்த சில பழக்கங்கள் வீடியோவில் நமக்கு எதிராகவே வேலை செய்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டால் போதும். கீழே சொல்வதெல்லாம் ஒரே ஒரு நல்ல பத்து நொடிக் காட்சியை எடுப்பதற்கு மட்டும்.

இந்த வசதி புதியதும் அல்ல. வீடியோ பதிவு செய்த முதல் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா), 2008 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட நிக்கான் டி90. அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2 முழு எச்.டி. பதிவோடு அறிவிக்கப்பட்டது. 2010இல் ஒரு பெரிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பருவ இறுதிப் பகுதியையே அந்தக் கேமராவில் எடுத்தார்கள். இன்று உங்கள் பையில் இருக்கும் சாதாரணக் கேமராவும் பெரும்பாலும் அதைவிடத் திறமையானதுதான்.

படி 1: வீடியோவாக எடுக்கத் தகுந்ததா?

எடுக்க நினைக்கும் இடத்தில் நின்று கண்ணை மூடிப் பத்து வரை எண்ணுங்கள். காதில் விழுவது அந்தக் காட்சிக்கு எதையாவது சேர்க்கிறதா? பிறகு கண்ணைத் திறந்து இன்னொரு பத்து எண்ணுங்கள். முதல் நொடிக்கும் பத்தாவது நொடிக்கும் இடையில் ஏதாவது மாறுகிறதா? இரண்டுக்கும் "இல்லை" என்றால் ஒளிப்படமே எடுங்கள், அதுதான் சரி. கூரை விளிம்பில் மழைத்துளி திரண்டு விழுவது, குழந்தை தானாகவே ஷூ கயிறு கட்டப் பழகுவது, வயதானவர் ஒருவர் பழைய கதை சொல்லும்போது நடுவில் நிறுத்தி யோசிப்பது. இவற்றை ஒற்றைப் படத்தில் அடைக்க முயன்று நாம் எத்தனையோ முறை தோற்றிருக்கிறோம்.

படி 2: கிடையாக வையுங்கள், அசைக்காதீர்கள்

ஆளைப் பார்த்தவுடன் கேமராவைச் செங்குத்தாகத் திருப்புவது நம் கைப்பழக்கம். வீடியோவை எடுத்து முடித்தபின் திருப்பினால் இருபுறமும் கருப்புப் பட்டைதான் மிஞ்சும். கைபேசியில் மட்டும் பார்க்கப்போகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் செங்குத்தாக எடுக்கலாம். அதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள், நடுவில் திருப்ப வேண்டாம். இன்னொன்று: ஒளிப்படத்தின் சட்டம் பெரும்பாலான கேமராக்களில் 3:2, வீடியோவின் சட்டம் 16:9. மேலும் கீழும் கொஞ்சம் வெட்டுப்படும். வழக்கம்போல நிறுத்தினால் நிற்பவரின் உச்சந்தலை போய்விடும், ஓரடி பின்னால் செல்லுங்கள்.

முக்காலி இருந்தால் அதில் பொருத்துங்கள். இல்லையென்றால் மேசை, சுவர், புத்தக அடுக்கு எதுவும் உதவும். கையில்தான் பிடிக்க வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. டிஎஸ்எல்ஆரில் வீடியோ எடுக்கும்போது கண்ணாடி மேலே தூக்கிக்கொள்வதால் வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) இருண்டுவிடும், பின்திரையைப் பார்த்தே எடுக்க வேண்டும். அப்போது கேமரா முகத்தை விட்டு விலகிக் கைகளின் முனையில் தொங்குகிறது, ஆடத்தான் செய்யும். கேமராவின் வாரைக் கழுத்தில் மாட்டி, அது விறைப்பாக இழுபடும்வரை கேமராவை முன்னால் தள்ளுங்கள். முழங்கைகள் விலாவை ஒட்டியிருக்கட்டும். இரு கைகளோடு கழுத்தும் சேர்ந்து மூன்று தாங்கல்கள் கிடைக்கின்றன. ஒரு முறை செய்து பாருங்கள், வித்தியாசம் திரையிலேயே தெரியும்.

படி 3: ஷட்டர் வேகத்தைக் குறையுங்கள்

வீடியோ "வெட்டி வெட்டித் தெரிகிறது" என்பவர்களில் அநேகர் இடறும் இடம் இதுதான். ஷட்டர் வேகம் என்பது ஒரு படத்துக்கு வெளிச்சம் விழும் நேரம். ஓடுகிற குழந்தையை ஒளிப்படம் எடுக்க 1/1000 நொடி வைப்போம். அதே வேகத்தில் வீடியோ எடுத்தால், நொடிக்கு 25 முறை, உறைந்துபோன கூர்மையான படங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே தொடர்பு இல்லாமல் அசைவு துள்ளுகிறது. ஒவ்வொரு பிரேமிலும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப் படத்திலும், அசைவு லேசாகக் கலங்கியிருந்தால்தான் கண் அவற்றைக் கோத்துச் சீரான ஓட்டமாகப் பார்க்கும்.

பழைய திரைப்படக் கேமராக்களில் ஷட்டர் என்பது சுழலும் வட்டத் தகடு. அதில் பாதி திறந்தும் பாதி மூடியும் இருந்தால், ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் நேரத்தில் பாதியளவு ஃபிலிம்மேல் வெளிச்சம் விழும். 180 பாகை விதி என்று இன்றும் சொல்வது இதைத்தான். கணக்கு எளிது: நொடிக்கு 25 பிரேம் என்றால் 1/50, 30 பிரேம் என்றால் 1/60. கேமராவை 'எம்' (எல்லாவற்றையும் நாமே அமைக்கும்) நிலையில் வைத்து இதை அமையுங்கள். அதன்பின் இந்த எண்ணைத் தொடாதீர்கள்.

உடனே இரண்டு சிக்கல்கள் வரும். முதலாவது வெளியில். உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் திறப்பு எஃப்/16, ஷட்டர் 1/100 என்பது நமக்குப் பழகிய கணக்கு. பின்னணி மங்கவேண்டும் என்று லென்ஸை எஃப்/2.8 அளவுக்கு அகலத் திறந்தால் 1/3200 தேவைப்படும். நமக்கு வேண்டியதோ 1/50, அதாவது 64 மடங்கு வெளிச்சம் அதிகம். அதைக் குறைக்க லென்ஸின் முன்னால் என்.டி. ஃபில்டர் என்ற கருஞ்சாயக் கண்ணாடியை மாட்ட வேண்டும். இந்தக் கணக்குக்கு என்.டி.64 அப்படியே பொருந்துகிறது. ஃபில்டர் இல்லாதவர்கள் நிழலுக்குப் போங்கள், அல்லது மாலை வெளிச்சத்துக்குக் காத்திருங்கள். முதல் காட்சிக்காகச் செலவு செய்யத் தேவையில்லை.

இரண்டாவது வீட்டுக்குள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/50 அல்லது 1/100 வைத்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் விழும். 1/80 வைத்தால் திரையில் பட்டைகள் ஊர்ந்து போகும். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 30 பிரேமும் 1/60உம் வைத்துக்கொள்ளுங்கள். சில எல்.இ.டி. விளக்குகள் எந்தக் கணக்குக்கும் கட்டுப்படுவதில்லை. முதலில் ஐந்து நொடி சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இடையில் ஒரு கேள்வி எப்போதும் வரும்: வீடியோவிலிருந்து ஒரு பிரேமை எடுத்து ஒளிப்படமாக்கலாமா? முழு எச்.டி. பிரேம் ஏறக்குறைய 2 மெகாபிக்சல், 4கே பிரேம் 8 மெகாபிக்சல். அதிலும் 1/50இல் எடுத்ததால் அசைவு கலங்கியிருக்கும். அந்த நம்பிக்கையில் எடுக்காதீர்கள். படம் வேண்டுமென்றால் தனியாகப் படம் எடுங்கள்.

படி 4: வெளிச்சத்தையும் நிறத்தையும் பூட்டுங்கள்

ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவில்) எடுப்பவர்களுக்கு "பிறகு சரிசெய்துகொள்ளலாம்" என்ற தெம்பு இருக்கும். சாதாரணக் கேமராவின் வீடியோ, கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக் படம் போன்றது. வெளுத்துப்போன வானம் திரும்பக் கிடைக்காது. விளக்கின் நிறத்துக்கு ஏற்ப வண்ணத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் நடுக்காட்சியில் முகம் மஞ்சளிலிருந்து நீலத்துக்கு நகரும். ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விட்டால், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் குறுக்கே நடந்ததும் மொத்தக் காட்சியும் இருண்டு மீளும். இரண்டையும் நீங்களே தேர்ந்து பூட்டிவிடுங்கள். 'லாக்' (Log) என்ற வெளிறிய பதிவு அமைப்பு இருந்தால் இப்போதைக்கு வேண்டாம், அதற்கு நிறத் திருத்தம் தெரிந்திருக்க வேண்டும்.

படி 5: ஃபோகஸ்

அசையாத பொருள் என்றால் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து, லென்ஸைக் கைமுறைக்கு மாற்றிவிடுங்கள். பதிவின் நடுவே கேமரா ஃபோகஸைத் தேடி முன்னும் பின்னும் போவது அப்படியே பதிவாகும். நடமாடும் ஆள் என்றால், புதிய மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத) கேமராக்களின் முகம் தொடரும் ஃபோகஸை நம்பலாம்.

படி 6: காதால் எடுங்கள்

ஒளிப்படக்காரர்கள் முழுக்க மறந்துவிடுவது ஒலியை. எனக்கு அதில்தான் பெரிய விருப்பம். கேமராவின் உள்ளே இருக்கும் மைக் உங்கள் விரல்களுக்கும் லென்ஸ் மோட்டாருக்கும் மிக அருகில் இருக்கிறது. நீங்கள் மூச்சு விடுவது அதற்குக் கேட்கும், அதிர்வுத் தடுப்பின் மெல்லிய ரீங்காரமும் கேட்கும். எதிரில் இருப்பவர் பேசுவதுதான் தொலைவில் இருக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியழுத்தம் பாதியாகிறது. ஆகவே முதல் மருந்து, கிட்டே போவது. நீண்ட லென்ஸைக் கழற்றிவிட்டு அகலமான லென்ஸோடு இரண்டடி தொலைவுக்குப் போங்கள்.

அடுத்து, மின்விசிறியை நிறுத்துங்கள். குளிர்பதனப் பெட்டி ஓடுகிறதா என்று கேளுங்கள். நமக்குப் பழகிப்போன இரைச்சலை மூளை வடிகட்டிவிடுகிறது, மைக் வடிகட்டாது. கேமராவில் 3.5 மி.மீ. மைக் துளை இருந்தால், சிறிய மைக் ஒன்று கூட உள்மைக்கைவிடப் பல படி மேல். ஒலி அளவைக் கைமுறையில் வைத்து, உரத்த சத்தம் திரையின் ஒலி அளவுகோலில் சுமார் -12 டெசிபெல் அருகே நிற்கும்படி பாருங்கள்.

மைக்கே இல்லையா? கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, பேசுபவரின் அருகில் சட்டத்துக்கு வெளியே வையுங்கள். கேமராவையும் ஓடவிட்டு, அதன் எதிரே ஒரு முறை கை தட்டுங்கள். கைகள் சேரும் பிரேமும் ஒலியலையில் எழும் கூர்முனையும் ஒன்றாக அமையும்படி கணினியில் பொருத்திவிடலாம்.

படி 7: அழுத்துங்கள், காத்திருங்கள்

பொத்தானை அழுத்தியதும் மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். நிகழ்வு முடிந்தபிறகும் மூன்று எண்ணிவிட்டு நிறுத்துங்கள். இடையே ஜூம் வேண்டாம், பக்கவாட்டில் திருப்பவும் வேண்டாம். சட்டத்துக்குள் அசைவது அசையட்டும், சட்டம் அசையக்கூடாது. ஒளிப்படம் எடுத்துப் பழகிய நமக்கு எந்தக் கணத்தில் சட்டென்று அழுத்துவது என்பது தெரியும். இங்கே தேவைப்படுவது, அந்தக் கணம் வந்து கடந்து போகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. எனக்கு இதுதான் கடினமாக இருந்தது.

மெமரி கார்டில் 'வி30' என்று அச்சிட்டிருந்தால் பயப்பட வேண்டாம், நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் தொடர்ந்து எழுதும். நொடிக்கு 100 மெகாபிட் (எட்டு மெகாபிட் ஒரு மெகாபைட்) அளவில் பதிவு செய்யும் 4கே வீடியோ ஒரு நிமிடத்துக்கு 750 மெகாபைட் எடுக்கும். பழைய கேமராக்கள் சில 29 நிமிடம் 59 நொடியில் தாமாக நின்றுவிடும். அரை மணி நேரம் பதிவு செய்யும் கருவிக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த கூடுதல் சுங்கவரியைத் தவிர்க்க வைத்த வரம்பு அது. நம் பத்து நொடிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

படி 8: இரண்டு முறை பாருங்கள்

கேமராவின் சிறிய திரையில் எல்லாமே நன்றாகத் தெரியும். கணினியில் போடுங்கள். முதலில் கண்ணை மூடிக் கேளுங்கள், அடுத்து ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். எது குறை என்று அப்போதே புரியும். அதன்பின் அதே காட்சியைத் தொலைவிலிருந்து ஒன்று, நடுத் தொலைவில் ஒன்று, மிக அருகில் ஒன்று என்று மூன்றாக எடுத்துப் பழகுங்கள்.

என் தச்சர் காட்சியை அப்படிக் கேட்டபோது, ஆறாவது நொடியில் ஃபோகஸ் மோட்டாரின் 'டிக்' ஒலி துல்லியமாக விழுந்திருந்தது. ஃபோகஸை நான் பூட்டாததால் வந்தது. அடுத்த வாரம் மறுபடி போய், எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, முக்காலியில் வைத்து எடுத்தேன். சுத்தமான பதிவு. ஆனால் அன்றைக்கு அவர் இழைத்த பலகையில் கணு இல்லை. முதல் பதிவைத்தான் இன்றும் வைத்திருக்கிறேன்.