லடாக்கின் மர்க்கா பள்ளத்தாக்குக்கு நீங்களே வரைபடம் போடலாம்

முதலில் ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டம் தருகிற, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் நிலத்தின் உயரத்தைச் சொல்லும் தரவை இறக்குங்கள், இலவசம்தான். எஸ்ஆர்டிஎம் என்கிற நாசாவின் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து எடுத்தது, செங்குத்துச் சரிவுகளில் தரவே இல்லாமல் ஓட்டை விழும், அதனால் நான் அதைத் தொடுவதில்லை. கியூஜிஐஎஸ் என்கிற இலவச வரைபட மென்பொருளில் திறந்து, உலகை 6 டிகிரிப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் 43 வடக்கு மண்டலத்துக்கு மாற்றுங்கள்; கிழக்கே ஹன்லே பக்கம் போனால் 78 டிகிரி தீர்க்கரேகையைத் தாண்டிவிடுவீர்கள், அங்கே 44.

அப்புறம் சமஉயரக் கோடுகள். 20 மீட்டர் இடைவெளி வைத்தால் மலைச்சரிவு முழுக்கக் கோடுகள் ஒட்டிக் கறுத்துப்போகும், 40 வையுங்கள், 200 மீட்டருக்கு ஒரு கோடு தடிமனாக. மேடுபள்ளம் தெரிய மென்பொருள் போடும் மலைநிழலுக்கு வெளிச்சம் வடமேற்கிலிருந்து, அதாவது 315 டிகிரியிலிருந்து வரட்டும், தெற்கிலிருந்து விட்டால் பள்ளத்தாக்கு மேடாகவும் மேடு பள்ளமாகவும் கண்ணுக்குத் தெரியும்.

சரி, ஊர்களை எப்படிப் பிடிப்பது? ஜூலை மாத சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். எங்கும் பழுப்பாகக் கிடக்கிற நிலத்தில் ஆற்றோரமாகச் சின்னச்சின்னப் பச்சைத் துண்டுகள் தெரியும், பெரும்பாலும் பார்லி வயல், பக்கத்திலேயே வீடுகள் இருக்கும்.

ஆற்றைக் கடக்கும் இடங்களை மட்டும் தயவுசெய்து நேரில் போய்க் குறியுங்கள். காலையில் முழங்காலளவு ஓடும் தண்ணீர், பனி உருகி மதியத்துக்கு மேல் இடுப்புவரை ஏறலாம், எனவே குறித்த நேரத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஜிபிஎஸ் பேட்டரியை இரவில் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் சட்டென்று இறங்கிவிடும்.