உங்கள் வீட்டு முதலுதவிப் பெட்டி யாருக்கானது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் வாங்கிய முதலுதவிப் பெட்டியை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. சிறிய பிளாஸ்திரிகள், கிருமிநாசினித் துடைப்பான்கள், மெல்லிய கட்டுத்துணிச் சுருள் ஒன்று என அதில் இருப்பவை எல்லாம் தேவையானவைதான். ஆனால், யார் வீட்டுக்குப் போகிறோம் என்பதை அறியாமல் அடுக்கப்பட்ட பெட்டி அது. வீட்டில் இருப்பவர்களின் வயது, நோய்கள், அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமைகள் ஆகியவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிவிட்டால், பெட்டியில் எதைச் சேர்க்க வேண்டும், எதை நீக்க வேண்டும் என்பது பெரும்பாலும் அந்தத் தாளிலிருந்தே தெரிந்துவிடும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுத்துக்கொள்ளும் முதியவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குச் சிறிய வெட்டுக்காயம் பட்டாலும் இரத்தம் நிற்க நேரமாகும். விரலகலப் பிளாஸ்திரி போதாது. காயத்தின்மேல் வைத்து விடாமல் அழுத்திப் பிடிக்கப் பெரிய காஸ் துணிகள் பல வேண்டும். முதுமையில் தோலும் மெலிந்துவிடுவதால், அழுத்தமாக ஒட்டிய பிளாஸ்திரியை உரிக்கும்போது தோலும் சேர்ந்து கிழிந்து, இருந்த காயத்தைவிடப் பெரிய காயம் உண்டாகக்கூடும். காயத்தில் ஒட்டாத பட்டையை வைத்து, அதன்மேல் சுருள் துணியால் கட்டுவதே அவர்களுக்கு ஏற்றது. ரப்பர் ஒவ்வாமை உள்ள வீட்டில் லேடெக்ஸ் கையுறைக்குப் பதிலாக நைட்ரைல் கையுறை இருக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவருக்காகப் பெட்டியில் சாக்லேட் வைப்பதும் நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறுதான். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் கலப்பதைத் தாமதப்படுத்தும். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் உடனே தேவைப்படுவது விரைவாகக் கலக்கும் 15 கிராம் சர்க்கரை. குளுக்கோஸ் மாத்திரையோ பொடியோ அதற்குப் பொருத்தமானது. 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதைப் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டிவைப்பது நல்லது, ஏனெனில் பதற்றத்தில் கைகள் முதலில் செய்யத் துணிவது அதைத்தான். திறக்காத இன்சுலினை இந்தப் பெட்டியில் வைக்கக் கூடாது. அதற்குரிய இடம் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ச்சியுள்ள குளிர்சாதனப் பெட்டி, அதுவும் உறைபனி அறைக்கு வெளியே.

குழந்தைகள் உள்ள வீடுகளில் மருந்தின் அளவில்தான் மிகுதியான பிழை நேர்கிறது. பாராசிட்டமாலின் அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. சமையலறைக் கரண்டிகளோ ஒன்றுக்கொன்று கொள்ளளவில் மாறுபடுபவை. எனவே மருந்துப் புட்டியோடு வரும் அளவுக்குழலை அதனுடனேயே ரப்பர் வளையமிட்டு வைப்பதும், குழந்தையின் தற்போதைய எடையைப் புட்டியின்மேல் எழுதிவைப்பதும் பயனுள்ள பழக்கங்கள். சளி மருந்துகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருப்பதை மறந்து இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடக் கூடாது. பெரியவர்களுக்காக வைத்திருக்கும் ஆஸ்பிரினை, மருத்துவர் சொன்னாலன்றி 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரவே கூடாது. அரிதானாலும் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்கூறு வரும் அபாயம் உண்டு. வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தம்ளரில் கலக்குவதும் தவறு. உறையில் குறித்துள்ள அளவு நீரில் முழுப் பொடியையும் கரைத்து, 24 மணி நேரத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசியைப் பூட்டிய அலமாரியில் வைப்பதைப் பார்க்கும்போது உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது. அது நிமிடங்களில் தேவைப்படும் மருந்து. குழந்தைகளின் கைக்கு எட்டாத, ஆனால் பெரியவர்கள் சாவி தேடாமல் எடுக்கக்கூடிய உயரமே சரியான இடம்.

பழைய நம்பிக்கைகளும் பெட்டியில் இடம்பிடித்துக்கொள்கின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு காயத்தின் நலமான திசுக்களையும் பாதிக்கும். சுத்தமான நீரால் கழுவினாலே போதும். பஞ்சை நேரடியாகக் காயத்தில் வைத்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும். தீக்காயத்துக்கு முதல் 20 நிமிடம் வேண்டியது குளிர்ந்த குழாய்நீர் மட்டுமே. பனிக்கட்டியும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம். முன்பு எப்போதோ மிஞ்சிய ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளுக்கு இந்தப் பெட்டியில் இடமே இல்லை.

வைக்கும் இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம்: குளியலறையின் ஈரமும் அடுப்பருகின் வெப்பமும் மருந்தைக் கெடுக்கும். மாத்திரை அட்டையை வெட்டி வைக்கும் பழக்கம் இதைவிடக் கவனிக்கத்தக்கது. காலாவதித் தேதி பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டுமே அச்சாகியிருக்கும். அந்த ஓரத்து மாத்திரையை முதலில் வெட்டி எடுத்துவிட்டால், மீதமுள்ளவை எப்போது காலாவதியாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எதிர் ஓரத்திலிருந்து எடுக்கப் பழக வேண்டும்.

ஆண்டுக்கு இருமுறை பெட்டியைச் சரிபார்க்கும் வீடுகள்கூடத் தேதியை மட்டுமே பார்க்கின்றன. ஒருவருக்குப் புதிய மருந்து தொடங்கினாலும், குழந்தையின் எடை கூடினாலும், வயதான உறவினர் வந்து தங்கினாலும் அந்த முதல் தாளைத் திருத்தி, பெட்டியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். தாளின் ஒரு பிரதி மூடியின் உட்புறத்தில் இருக்கட்டும். அதில் இரத்த வகையைவிட மருந்துகளின் பெயர்களும் ஒவ்வாமைகளும் முக்கியம், ஏனெனில் இரத்த வகையை மருத்துவமனையில் எப்படியும் மீண்டும் சோதிப்பார்கள். மற்ற இரண்டையும் வீட்டார் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.